சாட்சிப்பூ

மூன்றாவது மாடியிலிருந்து அந்த ஊளை கிளம்பியபோது நீலமேகம் படிக்கட்டில் நின்றபடி படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பேனாவும் நிற்கவில்லை.

குக்கர் விசிலையும் ஆம்புலன்ஸ் அலறலையும் சேர்த்துக் கட்டினால் வரும் சத்தம் அது. சாட்சிப்பூத் தொட்டியின் அடியில் இருக்கும் கருவி, மொட்டு ஒன்று உதிர்ந்தால் சரியாக மூன்று நிமிடம் இப்படிக் கத்தும். நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. தலையணையால் அமுக்கினால் இன்னும் உரக்கக் கத்தும். அக்கம்பக்கம் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள்.

எதிர்பார்த்தபடியே எல்லாக் கதவுகளும் திறந்தன. வெங்காயம் நறுக்கிய கத்தியோடு ஒரு அம்மாள், முகம் நிறைய சவர நுரையோடு ஒருவர். எல்லார் முகத்திலும் ஒரே நிம்மதி: நம் வீடு இல்லை.

நீலமேகம் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி படிவத்துக்குத் திரும்பினார். அதில் பத்துக் கட்டங்கள். ஜன்னல் வெளிச்சம் போதுமா, ஊதுபத்திப் புகை உண்டா, பக்கத்தில் பழங்கள் உண்டா, நாய் பூனை உண்டா என்று போகும் முதல் ஏழு கட்டங்களுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும் என்பது அவருடைய பதினொரு வருட அனுபவம். ஆகவே செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஏழையும் நிரப்பிவிடுவார். மீதி மூன்றுதான் வேலை: மொட்டு எத்தனை, உதிர்ந்தது எத்தனை, தகுதி உண்டா இல்லையா.

அவர் போக வேண்டியது நான்காவது மாடிக்கு. மூன்றாவது மாடி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

"சார், சார், ஒரு நிமிஷமுங்க." பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடிவந்து மறித்தார். நீலமேகத்தின் பச்சைக் கோட்டையும் அதில் குத்தியிருந்த வில்லையையும் பார்த்துவிட்டார். "பூத் துறைங்களா? நான் கோவர்த்தனனுங்க. இந்த அபார்ட்மெண்ட் சங்கத் தலைவர். தெய்வமாப் பார்த்து உங்களை அனுப்பிச்சிருக்குது."

"தெய்வம் என்னை நாலாவது மாடிக்கு அனுப்பியிருக்கு" என்றார் நீலமேகம்.

ஆனாலும் உள்ளே போனார். வரவேற்பறையில் பெண் பார்க்க வந்த கூட்டம் பஜ்ஜித் தட்டுகளோடு உறைந்துபோயிருந்தது. நடுவில் கண்ணாடி மேஜை மீது சாட்சிப்பூ. வளைந்த தண்டில் ஆறு வெள்ளைப் பூக்கள், பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்தது போல. தரையில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சை மொட்டு கிடந்தது. பதினைந்து பேர் அதைச் செத்த பல்லியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துவிட்டார். "நாங்க கெளம்பறமுங்க. சிரிச்சுப் பேசறீங்க, உள்ளுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்களோ. பூ பொய் சொல்லாது."

சாட்சிப்பூ ஒரு ஆர்க்கிட். ஆர்க்கிட்டைப் பற்றி இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். நீலமேகத்துக்கு அதைக் கேட்டாலே வாய் கசக்கும். தாவரவியல் படித்துவிட்டு, வால்பாறைக் காட்டில் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் காட்டு ஆர்க்கிட்டுகளைத் தேடி மூன்று வருடம் அட்டைக்கடியோடு அலைந்தவர் அவர். அந்தப் பூவை எவனோ ஒரு விஞ்ஞானி போலீஸ்காரனாக மாற்றிவிட்டான். மனிதன் கோபப்படும்போதும் பயப்படும்போதும் வியர்வையிலும் மூச்சிலும் கலந்து வரும் சில வாசனைகளைச் செடி கண்டுபிடித்து மொட்டை உதிர்க்கும்படி மரபணுவைத் திருத்தினான். அரசாங்கம் முதலில் தத்தெடுக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் இதைக் கேட்டது. நாற்பது நாள் பூ உதிராமல் இருந்தால்தான் குழந்தை. பிறகு சம்பந்தம் பேசுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜாதகத்தோடு பூவின் படமும் வேண்டும் என்றார்கள். இப்போது வாடகைக்கு வீடு விடுகிறவன்கூடக் கேட்கிறான்.

மேஜைக்குக் கீழே ஒரு மூங்கில் கூடை இருந்தது. நீலமேகம் காலால் அதை லேசாக நகர்த்தினார்.

"இது எப்ப வந்தது?"

"மாப்பிள்ளை வீட்டுல இருந்துங்க. சேலத்து மாம்பழம். முந்தாநாளே அனுப்பி வெச்சுட்டாங்க" என்றார் கோவர்த்தனன்.

"கையேட்டுல பதினோராம் பக்கம் படிச்சீங்களா?"

கோவர்த்தனன் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் செல்போனைப் பார்த்தாள்.

"படிக்க மாட்டீங்க. பழுக்கிற பழம் ஒரு வாயுவை விடும். காயைப் பழமாக்கறதும் அதுதான், மொட்டை உதிர்க்கறதும் அதுதான். கோபத்தை மோந்ததும் இந்தச் செடி தனக்குள்ள சுரக்கிறதும் அதே வாயுதான். வெளியில இருந்து வந்ததா, உள்ள இருந்து வந்ததான்னு மொட்டுக்குத் தெரியாது. விழுந்துரும். ரெண்டு நாளா மாம்பழக் கூடையைக் காலடியில வெச்சுட்டு, பூ பொய் சொல்லாதுன்னா எப்படி?"

"அப்ப எங்க மாம்பழந்தான் காரணம்ங்கறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"உங்க மாம்பழமும் உங்க அவசரமும். உக்காருங்க, பஜ்ஜி ஆறிப்போகுது."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் கடித்துக் குதறத் தயாராக இருந்த பதினைந்து பேர். கோவர்த்தனன் முந்திரி டப்பா ஒன்றை நீலமேகத்தின் கையில் திணித்தார். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"யாரு வீட்டுக்குங்க, நாலாவது மாடியில?" என்று வாசல் வரை வந்து கேட்டார் கோவர்த்தனன்.

"சென்னியப்பன்."

"அட, அந்த லேத் பட்டறைக்காரனா." கோவர்த்தனன் குரலைத் தாழ்த்தினார். "போன தடவை அஞ்சு நாள்ல ஏழு தடவை கத்துச்சுங்க அவங்க தொட்டி. அந்தப் பையனை என்ன பாடு படுத்தினாங்களோ. நாங்கெல்லாம் காதைப் பொத்திட்டு உக்காந்திருந்தோம். பார்த்து எழுதுங்க சார்."

நீலமேகம் படியேறினார். இந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சென்னியப்பன் விஷயத்தில் அவரும் அதையேதான் நினைத்தார்.

ஆறு மாதத்துக்கு முன்பு அந்த வீட்டுக்கு அவர் வந்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஜோடி. புருஷன் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைகிறவன். மனைவி தேவகி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். பதினாலு வருடம் குழந்தையில்லை. நாற்பது நாளும் பூ உதிரவில்லை என்பதால் ஐந்து வயதுப் பையன் ஒருவனை அனுப்பி வைத்தார்கள். பெயர் இன்பா. அவன் வந்த மூன்றாம் நாள் முதல் மொட்டு விழுந்தது. ஐந்தாம் நாள் ஏழு மொட்டும் போய்விட்டது. நீலமேகம் வந்து தண்டை எண்ணிவிட்டு எழுதினார்: "மூடி மறைக்கப்பட்ட வன்மம். குழந்தை அச்சத்தில் உள்ளது." மறுநாள் காலை வண்டி வந்து பையனைக் காப்பகத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சிரித்த முகத்தோடு அடிக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். அடிக்கிறவனைவிடச் சிரிக்கிறவனைத்தான் அவருக்கு அதிகம் பிடிக்காது.

தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவைத் தட்டுவதற்கு முன்பே திறந்தது. காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"வாங்க சார்" என்றான் சென்னியப்பன். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லீங்க. அந்தத் தடவைக்கு அப்புறம் நாங்க இப்படித்தான் பேசிக்கறது." மனைவியைப் பார்த்தான். "எது மேல கோவம் வந்துச்சுன்னு இன்னும் தெரியலைங்க. அதனால எது மேலயும் வந்துரக் கூடாதுன்னு."

தேவகி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் மேஜையில் படும் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆறு மாதமாக இருவரும் வீட்டுக்குள் திருடர்கள் போல நடமாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

கிழக்கு ஜன்னலோரம் மர முக்காலியில் சாட்சிப்பூ இருந்தது. நீலமேகம் அதைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டார். இரண்டு தண்டுகள். பதினொரு பூ. நுனியில் இன்னும் மூன்று மொட்டு. இலைகளில் தூசி இல்லை. வெளியே வழிந்து தொங்கும் வேர்கள் பென்சில் கனத்துக்குப் பருத்து, முனைகளில் புதுப் பச்சையோடு இருந்தன. பதினொரு வருடத்தில் ஒரு வீட்டுத் தொட்டியில் இப்படி ஒரு வேரை அவர் பார்த்ததில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"தண்ணி எப்ப ஊத்தறே?"

"வேர் பச்சையா இருக்கிற வரைக்கும் ஊத்த மாட்டனுங்க. வெள்ளி மாதிரி வெளுத்தப்புறம் காலையில ஒரு தடவை. குருத்துல ஒரு சொட்டுத் தேங்கினாலும் துணியில ஒத்தி எடுத்துருவேன்."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்லீங்க. பார்த்துட்டே இருந்தா அதுவே சொல்லுது." சென்னியப்பன் ஜன்னல் கம்பியைக் காட்டினான். தேங்காய் மட்டையில் கட்டிய மூன்று செடிகள் தொங்கின. "இதெல்லாம் கீழ குப்பையில கிடந்துச்சுங்க. பூ கொட்டுனதும் செத்துப்போச்சுன்னு வீசிடறாங்க. வேர் உசுரோடதான் இருக்குது. கரித்துண்டும் மட்டையும் போட்டுக் கட்டினேன். ஒண்ணு தண்டு விட்டிருச்சு."

அதில் ஒன்று கோவர்த்தனன் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும் என்று நீலமேகம் நினைத்தார். ஆனால் முகத்தை இளக்கவில்லை. நல்ல வேர் வளர்ப்பவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இந்த அளவுக்குக் கவனமானவன் ஏமாற்றுவதிலும் கவனமாகத்தான் இருப்பான்.

சோதனையை ஆரம்பித்தார். மொட்டைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டினார். பட்டுத் துணிப் பூவைச் செருகியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு இதழாகத் தடவினார். செடியையே மாற்றிவிட்டார்களா என்று வேர்ப் படத்தை எடுத்துத் துறையின் படத்தோடு ஒப்பிட்டார். கைரேகை போல வேருக்கும் ரேகை உண்டு. எல்லாம் பொருந்தியது. தொட்டியின் கருவி நாற்பது என்று பச்சையில் காட்டியது.

"கையேடு எங்கே?"

தேவகி சுவரலமாரியைத் திறந்தாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து நின்றது கையேடு.

"படிக்கறதுக்குக் கொடுத்ததும்மா. கும்பிடறதுக்கு இல்லை."

"அழுக்காயிரக் கூடாதுன்னுங்க" என்றாள் தேவகி.

இந்த நாட்டில் எதைக் கொடுத்தாலும் குங்குமம் வைத்துவிடுவார்கள் என்று நீலமேகம் நினைத்துக்கொண்டார். நாளைக்கு இந்தத் தொட்டிக்கும் கற்பூரம் காட்டுவார்கள்.

"சரி. பூ நிக்குது. துக்கம் இதுக்குத் தெரியாது, கோபமும் பயமும்தான் தெரியும். ரெண்டு பேரும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா நாற்பது நாள் என்ன, நானூறு நாளும் நிக்கும். தகுதின்னு எழுதறேன்." பேனாவை எடுத்தார். "தாராபுரம் காப்பகத்துல ரெண்டரை வயசுப் பொண்ணு இருக்கு. அடுத்த மாசம் கொண்டுவருவாங்க."

சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார். இருவரும் அசையவில்லை.

"சார்" என்றாள் தேவகி. "இன்பாவையே கேக்கலாங்களா?"

"அவனை மறந்துரும்மா."

"எங்கிருக்கான்னாவது சொல்லுங்க."

"இருந்த இடத்துலதான் இருக்கான். அவன் கோப்புலயும் எழுதியாச்சு, பொருந்தாத குழந்தைன்னு. ஒரு வீட்டுல பூவை உதிர்த்த பையனை இன்னொரு வீடு கேக்குமா? யாரும் கேக்கலை. இனியும் கேக்க மாட்டாங்க. வயசு ஏற ஏற அவ்வளவுதான்."

தேவகி சேலை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. அதைப் பழகியிருந்தாள்.

"அவன் ஒண்ணும் பண்ணலீங்களே சார்" என்றான் சென்னியப்பன். "முத ரெண்டு நாள் வீடு பூரா சிரிப்புங்க. அந்தத் தொட்டி கத்த ஆரம்பிச்சப்புறந்தான் கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்குவான். நீங்க வந்த அன்னைக்குக்கூட கட்டிலுக்கடியில இருந்துதான் வெளிய வந்தான். அதைப் பார்த்துட்டு நீங்க பயந்திருக்கான்னு எழுதிட்டீங்க."

"அதுக்கு முன்னாடியே மொட்டு விழுந்துருச்சே. ஏன் விழுந்தது?"

சென்னியப்பன் தலையைக் குனிந்தான். "அதாங்க தெரியலை. ராத்திரியெல்லாம் யோசிப்பேன். பட்டறையில யாரு மேலயோ இருந்த கோவத்தைக் கூட்டியாந்துட்டனோன்னு. இவ நினைக்கறா, அடுத்தவ பெத்ததுன்னு ஒரு வெறுப்பு தனக்குள்ள எங்கயோ இருந்திருக்குமோன்னு. ஒருத்தரை ஒருத்தர் கேக்கவும் பயமா இருக்குது."

"நல்லா யோசிங்க."

"அந்த அறிக்கையை மாத்த முடியாதுங்களா?"

"மாத்தலாம். எழுதினவனே, நான் எழுதினது தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அன்னைக்கே ரத்தாகிரும். பையனும் உங்க வீட்டுக்கே வந்துருவான்." நீலமேகம் படிவத்தை மடித்தார். "பதினொரு வருஷத்துல நான் அப்படி ஒண்ணு கொடுத்ததில்லை. ஏன்னா நான் தப்பா எழுதறதில்லை."

கிளம்புவதற்கு எழுந்தவர் வெளிச்சத்தை ஒரு தடவை பார்க்கலாம் என்று ஜன்னலுக்கு மேலே கண்ணை ஓட்டினார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முக்காலிக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி. லேத்தில் கடைந்து வளைத்த கனமான கொக்கி. வெறுமையாக இருந்தது.

நீலமேகத்துக்கு மனசுக்குள் ஒரு திருப்தி பரவியது. இவ்வளவு நேரம் கிடைக்காதது கிடைத்துவிட்டது. கரிப்பொடி மூட்டையைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டால் கோப வாசனையை அது இழுத்துக்கொள்ளும், செடிக்கு ஒன்றும் தெரியாது. புத்திசாலிகள் செய்யும் மோசடி அது. பட்டறைக்காரன் புத்திசாலி.

மறுபடி உட்கார்ந்தார். படிவத்தைப் பிரித்தார்.

"சென்னியப்பா. அங்கே என்ன தொங்கிட்டு இருந்தது?"

சென்னியப்பன் அண்ணாந்து பார்த்தான். முகம் மாறியது. தேவகியும் பார்த்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லு. காலையில கழட்டினியா, நேத்தா? மூட்டையை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"மூட்டையெல்லாம் இல்லீங்க."

"கொக்கி மட்டும் சும்மா முளைச்சுதா?"

"அது ஆறு மாசமாக் காலியாத்தாங்க கிடக்குது. கழட்ட மனசு வரலை."

"கேட்டதுக்குப் பதில். என்ன தொங்கினது?"

"வாழைத்தாருங்க" என்றான் சென்னியப்பன்.

நீலமேகம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

"இன்பாவுக்கு வாழைப்பழம்னா உசுருங்க" என்றாள் தேவகி. ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் குரல் கிசுகிசுப்பிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது. "காப்பகத்துல வாரத்துக்கு ஒண்ணுதான் கொடுப்பாங்களாமா. வந்த அன்னைக்கே சொன்னான். இவரு அன்னைக்கே சத்தியமங்கலம் போய், அவங்கண்ணன் தோட்டத்துல இருந்து முழுத்தாரா வெட்டிட்டு வந்துட்டாரு. கொக்கி அடிச்சு மாட்டினாரு. தொட்டிக்குப் பக்கத்துல போட்ட ஸ்டூல்ல ஏறினா அவனுக்கு எட்டும். யாரையும் கேக்காம எத்தனை வேணும்னாலும் பிச்சுத் திங்கலாம்னு சொன்னோம். ரெண்டாவது நாளே ரெண்டு சீப்பு பழுத்துருச்சு. வீடே மணந்துச்சு."

கீழே மூன்றாவது மாடியில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். சம்பந்தம் முடிவாகியிருக்க வேண்டும்.

"அவன் போனப்புறம் மிச்சத்தைத் திங்க முடியலீங்க" என்றான் சென்னியப்பன். "மாட்டுக்குப் போட்டுட்டேன். அப்புறம் இந்த வீட்டுக்குள்ள பழமே வாங்கலை. ஏனுங்க சார், கொக்கி இருக்கக் கூடாதுங்களா? தப்புன்னா இப்பவே கழட்டிடறேன்."

நீலமேகம் பையைத் திறந்து ஆறு மாதத்துக்கு முந்தைய படிவத்தின் நகலைத் தேடினார். முந்திரி டப்பா குறுக்கே வந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை எடுத்தார். மூன்றாவது கட்டம். பக்கத்தில் பழங்கள் உண்டா. இல்லை. அவருடைய கையெழுத்து, அழகாக, அவசரமில்லாமல், படிக்கட்டில் நின்று எழுதியது.

இருந்தும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நான் வந்த அன்னைக்குத் தார் இல்லை" என்றார். "இருந்திருந்தா எழுதியிருப்பேன். இதோ, இல்லைன்னு எழுதியிருக்கேன். என் கண்ணுல படாம போகுமா? நீங்க ஏதோ குழப்பிக்கிறீங்க."

தேவகி அவரைப் பார்த்தாள். அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. மறந்துபோன ஒருவருக்கு ஞாபகப்படுத்துகிற மரியாதைதான் இருந்தது.

"இருந்துச்சுங்க சார். இன்பாதான் ஸ்டூல்ல ஏறி உங்களுக்கு ஒண்ணு பிச்சுக் கொடுத்தான். நீங்க அதைத் தின்னுக்கிட்டேதான் எழுதினீங்க."